ஈரப் பாவாடையோடு நடந்தவர்களில் உன் அம்மாவும் ஒருத்தி

அய்யா,

நீ எழுதி அனுப்பிய வாசகத்தைப் படித்தேன். "அன்று உணர்ச்சிவசப்பட்டு நடந்துகொண்டேன், யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும்" என்று எழுதி, பேப்பரைப் பார்த்துப் படிக்காதேம்மா, மனப்பாடம் பண்ணிச் சொன்னால்தான் வீடியோ நன்றாக வரும் என்று கீழே குறிப்பு வேறு போட்டிருந்தாய். எந்தச் சேலை கட்ட வேண்டும், தோளை எப்படிப் போர்த்த வேண்டும் என்பதுவரை யோசித்திருக்கிறாய். இத்தனை வருஷம் சேலை கட்டியவளுக்கு நீ சொல்லிக் கொடுக்கிறாய், நல்லது. உன் கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை, நீ கட்டிக்கொள்ளப்போகும் சுகன்யா வீட்டுச் சொந்தங்கள் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள், நான் இந்த ஒரு வீடியோவை மட்டும் போட்டுவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று கெஞ்சினாய். அந்த வீடியோவை நான் எடுக்கப்போவதில்லை. ஏன் எடுக்க மாட்டேன் என்பதையும், உன் கல்யாண விஷயமாக நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். நீ எழுதியதை ஊரே படித்தது, அதனால் இதையும் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் செல்வியைப் பற்றிச் சொல்கிறேன். உனக்கு அவளைத் தெரியும், பிரபுவின் பொண்டாட்டியாகத் தெரியும். பிரபு உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், நீ லீவுக்கு வந்தால் உன் வண்டியில் பின்னால் உட்காருகிறவன். அவன் கல்யாணத்துக்கு நீதான் பேனர் அடித்தாய். பக்கத்துத் தேவாரம் ஊரிலிருந்து வந்த பெண் அவள். நம் தெருக் கடைசி வீட்டில் அவள் வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம் நான் சத்துணவு அமைப்பாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன், ஊருக்கு இன்னும் நான் டீச்சர்தான். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் காலையில் வாய்க்கால் படித்துறைக்குத் துணி எடுத்துக்கொண்டு போவேன். அங்கேதான் அவளோடு பழக்கம். வாய் ஓயாத பெண். சோப்புப் போட்டுக்கொண்டே கதை சொல்வாள், கதை முடிகிறவரை அந்தத் துணிக்கு மோட்சம் கிடையாது. ஒரு குழந்தை, பெண் குழந்தை, இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை.

லோயர் கேம்ப்பில் பெரியாறு அணைத் தண்ணீரைத் திறந்துவிட்டுப் படித்துறை நிறைய ஓடிய நேரம். செல்வி காலையில் குளிக்க வந்தவள் போனைத் துணி மூட்டைக்குள் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். பிரபு கூப்பிட்டிருக்கிறான். மூட்டைக்குள் கிடக்கிற போன் தண்ணீருக்குள் நிற்கிறவளுக்கு எப்படிக் கேட்கும்? எடுக்கவில்லை. அவ்வளவுதான் அவள் செய்தது. அவன் வண்டியைப் போட்டுக்கொண்டு வந்தான், படியில் இறங்கினான், ஈரத்தலை முடியைப் பிடித்தான். மார்பில் பாவாடையை ஏற்றிக் கட்டியிருந்த கோலத்திலேயே அவளைப் படித்துறையிலிருந்து வீடுவரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். வழியெல்லாம் அடி. கரண்டுக் கம்பத்தை அவள் கட்டிப் பிடித்துக்கொண்டாள், கையிலேயே மிதித்து எடுத்தான். டீக்கடை வளைவில் விழுந்தாள், தலை ஓரக்கல்லில் பட்டது. அங்கிருந்து தூக்கி நிறுத்தி மறுபடியும் இழுத்தான். பால் சொசைட்டி வாசலில் பால் ஊற்ற வந்தவர்கள் கேனோடு ஒதுங்கி வழி விட்டார்கள். அன்று நான் உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தேன், திரும்பி வந்துதான் கேட்டேன். உன் அப்பா டீக்கடையில்தான் இருந்தார். வீட்டுக்கு வந்து, "புருஷன் பொண்டாட்டி சண்டை, நாம என்னத்தச் சொல்ல" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாள் அவள் செத்துப்போனாள். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டதாக எழுதிக் கொடுத்தார்கள், ஸ்டேஷனில் வாங்கிக்கொண்டார்கள். நடுத்தெருவில் அத்தனை பேர் பார்த்த விஷயம் பாத்ரூமுக்குள் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அறுத்து, கட்டி, வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். பிரபு தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். வருகிறவர்கள் எல்லாம் அவன் கையைப் பிடித்துத் துக்கம் கேட்டார்கள். "சின்ன வயசு, புள்ளைய வச்சுக்கிட்டு என்ன செய்வ" என்று அவனைத் தேற்றினார்கள். நானும் அந்த வாசலில்தான் நின்றேன். அவளுடைய அம்மா தேவாரத்திலிருந்து வந்தவள், அழக்கூடத் தெம்பில்லாமல் மகளின் கால் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நீர்மாலை எடுக்க நாங்கள் போனோம். நீ பெங்களூர் போனபிறகு இங்கே எந்தச் சாவுக்கும் வந்ததில்லை, மறந்திருப்பாய். செத்தவர்களைக் குளிப்பாட்ட, சொந்தக்காரர்கள் வாய்க்காலுக்குப் போய் முங்கி எழுந்து, குடத்தில் தண்ணீர் எடுத்து, ஈரத்துணியோடு வரிசையாக நடந்து வருவார்கள். நாலு பேர் தலைக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்து வருவார்கள், முன்னால் கொட்டு போகும். காலங்காலமாக நடப்பதுதான். அதே படித்துறை. முங்கி எழுந்து சேலையை எடுக்கும்போது ராமுத்தாய் மட்டும் எடுக்கவில்லை. அவள் திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவள், செல்வியை இழுத்துப் போன அன்று அவளுக்குப் பக்கத்தில் தண்ணீரில் நின்றவள். பாவாடையை மார்பில் முடிந்தபடியே படியேறினாள், குடத்தை இடுப்பில் வைத்தாள்.

"ஆத்தா, சேலையக் கட்டு" என்றேன்.

"அவ எப்படிப் போனாளோ அப்படித்தான் நானும் போவேன் டீச்சர். அன்னைக்குப் பாத்தாகல்ல, இன்னைக்கும் பாக்கட்டும்" என்றாள்.

பிறகு ஒருத்தி கட்டிக்கொண்டிருந்த சேலையை அவிழ்த்துப் படியில் போட்டாள். இன்னொருத்தி போட்டாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள் நான், தெருவில் பாதிப் பேர் என் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், அவர்கள் முன்னால் எப்படிப் போவது என்று இருந்தது. உன் கல்யாணமும் நினைவுக்கு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு படியில் கிடந்த அந்தச் சேலைகளைப் பார்த்தேன், என்னுடையதையும் அதோடு போட்டேன். கொட்டு அடிக்க வந்தவர்கள் எங்களைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு ஓரமாகப் போனார்கள். வெள்ளை பிடிக்க வந்த ஆண்கள் துணியைக் கீழே வைத்துவிட்டார்கள். எங்களில் நாலு பேர் எடுத்துப் பிடித்தார்கள். கொட்டு இல்லாத நீர்மாலையை நான் அன்றுதான் பார்த்தேன், குடத்துத் தண்ணீர் அலம்புகிற சத்தம் மட்டும் கூட வந்தது.

கரண்டுக் கம்பத்துக்குப் பக்கத்தில் ராமுத்தாய் நின்றாள், எல்லோரும் நின்றோம். டீக்கடை வளைவில் நின்றோம். பெஞ்சில் இருந்தவர்களில் உன் அப்பாவும் ஒருவர். நான் அவரைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்கள் குனியவில்லை. "என்னடி இது கோலம்", "மானங்கெட்ட சிறுக்கிகளா", "பொம்பளைப் புள்ளைக இருக்கிற ஊரு" என்று கத்தத் தொடங்கினார்கள். இத்தனைக்கும் அந்தக் கோலத்தில்தான் தினமும் நாங்கள் படித்துறையில் நிற்கிறோம், அந்த மேட்டு ரோட்டில்தான் அவர்கள் தினமும் வண்டியில் போகிறார்கள், ஒருவருக்கும் மானம் போனதில்லை. செல்வியை அந்தக் கோலத்தில் இழுத்துப் போனபோதும் போகவில்லை. அன்று யார் பையிலிருந்தும் ஒரு போன் வெளியே வரவில்லை. எங்களைப் படம் பிடிக்க எல்லார் கையிலும் போன் இருந்தது. வாசலில் நாங்கள் போய் நின்றதும் பிரபு உள்ளே போய்விட்டான். நாங்கள் செல்வியைக் குளிப்பாட்டினோம். அந்தக் கையில் இருந்த காயத்தை நான் பார்த்தேன், அதை உனக்கு எழுத மாட்டேன்.

சாயங்காலத்துக்குள் வீடியோ கம்பம், தேனி, மதுரை எல்லாம் தாண்டிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுவந்து காட்டினாள், பிறகு நானே என் போனில் உட்கார்ந்து ஒவ்வொருத்தர் எழுதியதையும் படித்தேன். நீங்கள் எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். ஒருவர் அந்தப் பெண் பாவம்தான், ஆனாலும் போராடுவதற்கு ஒரு முறை இருக்கிறது என்று முறை சொல்லிக் கொடுத்திருந்தார். ஒருவர் கலாச்சாரம் அழிந்துவிட்டது என்று நீளமாக எழுதி, கடைசியில் வணக்கம் போட்டு முடித்திருந்தார். யார் தூண்டிவிட்டது, எவ்வளவு வாங்கினார்கள் என்று விசாரித்தார்கள் சிலர். ராமுத்தாய் எந்தச் சாதி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்குத் தகுந்த மாதிரி திட்டினார்கள் சிலர். பெண்களும் இருந்தார்கள், எங்களால் நல்ல பெண்களுக்குக் கெட்ட பெயர் என்றார்கள். முழு வீடியோ இருக்கிறதா என்று கேட்டவர்களும் இருந்தார்கள், அவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு கூட்டம் எங்களைப் புலி என்றும் காளி என்றும் எழுதிப் படம் போட்டது. ராமுத்தாய் அதைப் பார்த்துவிட்டு, "நான் நாளைக்கு வேலைக்குப் போகணும் டீச்சர், காளிக்குக் கூலி உண்டா" என்று கேட்டாள். மதுரையிலிருந்து ஒரு பையன் கேமராவோடு வந்து, வெளிச்சம் சரியில்லாமல் எடுத்திருக்கிறார்கள், ஒரு தடவை அதே மாதிரி நடந்து காட்ட முடியுமா என்று எங்களிடம் கேட்டான். அவனை விரட்ட ஒரு வாளித் தண்ணீர் போதுமானதாக இருந்தது. இத்தனை பேர் இத்தனை எழுதியதில் செல்வி என்ற பெயரைத் தேடித் தேடிப் பார்த்தேன், விரல் விட்டு எண்ணிவிடலாம் போல அவ்வளவு குறைவு.

அந்தக் குவியலுக்குள்தான் நீ எழுதியது கிடந்தது. உன் பெயர், பக்கத்தில் நிச்சயதார்த்தப் படம், சுகன்யா சிரித்துக்கொண்டு நிற்கிறாள். "இதுகளையும் அதே மாதிரி இழுத்துட்டுப் போயி நாலு மிதி மிதிச்சாத்தான் அடங்கும்" என்று எழுதியிருந்தாய். கூட ஒரு சிரிக்கிற பொம்மை. நான் இரண்டு மூன்று தடவை படித்தேன். வேறு யாராவது உன் பெயரில் எழுதியிருப்பார்களோ என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த வீடியோவில் வெள்ளைத் துணிக்குக் கீழே, குடத்தை அணைத்துக்கொண்டு, முகம் பாதி மறைந்து போகிறவள் உன்னைப் பெற்றவள் என்று உனக்குத் தெரிந்திருக்கவில்லை. யாரோ சொன்ன பிறகு அழித்துவிட்டாய். பதறிப் போய் எனக்குப் போன் செய்தாய். "நீ இருக்கேன்னு தெரிஞ்சா நான் அப்படிப் போட்டிருப்பேனாம்மா" என்று அழுதாய்.

நீ அழுததை நான் நம்புகிறேன். ஆனால் என்ன சொன்னாய் என்று நீயே யோசித்துப் பார். நான் இல்லாமல் இருந்தால் அது சரி என்றுதானே சொன்னாய். ராமுத்தாயை மிதிக்கலாம், அவளுக்குப் பின்னால் வந்தவளை மிதிக்கலாம், அம்மாவை மட்டும் விட்டுவிடலாம். "அதே மாதிரி" என்று எழுதியிருந்தாயே, அதுதான் என் நெஞ்சில் நிற்கிறது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள் என்று ஊர் சொன்னதை நீ நம்பவில்லை. இழுத்தது உனக்குத் தெரியும், மிதித்தது தெரியும், செத்ததும் தெரியும். தெரிந்துதான் அது போதவில்லை, இன்னும் நாலு பேருக்கு வேண்டும் என்றாய். பெங்களூரில் ஏசி ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, டீ குடித்துக்கொண்டே எழுதியிருப்பாய். எழுதிவிட்டு மறந்தும் போயிருப்பாய்.

வீடியோ அவ்வளவு தூரம் போனதால்தான் மேலிடத்திலிருந்து கேட்டார்கள். வழுக்கி விழுந்த கேஸைக் கொலைக் கேஸாக மாற்றி பிரபுவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் மேலும் ஒரு கேஸ் போட்டிருக்கிறார்கள், பொது இடத்தில் ஆபாசமாக நடந்துகொண்டோம் என்று. கூப்பிடும்போது போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். செல்வியின் குழந்தையைத் தேவாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். உன் அப்பா என்னோடு பல நாள் பேசவில்லை. டீக்கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். ஒரு நாள் திராட்சைக் கொடிக்கு மருந்தடித்துவிட்டு வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்க்காமலே, "அன்னைக்கு நான் எந்திரிச்சிருக்கணும். நான் எந்திரிச்சா நாலு பேரு எந்திரிச்சிருப்பாக" என்றார். நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

இதற்கு நடுவில் பிரபுவின் அம்மா வந்தாள், பேச்சியம்மா மதினி. அந்த வீட்டிலிருந்து யாரும் என்னிடம் பேச மாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றாள். என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தேன்.

"எனக்கு முந்தியே தெரியும் மதினி. அவன் தங்கச்சிய அடிச்சு ஒருக்கா காது கேக்காமப் போச்சு. ஊருக்குச் சொல்லல. தேவாரத்துக்காரக பொண்ணுக் குடுக்க முன்னாடி எங்கிட்டத் தனியா வந்து கேட்டாக, பையன் எப்படின்னு. தங்கமான பையன்னு சொன்னேன். ஒருத்திய கட்டி வச்சா அடங்கிருவான்னு நெனச்சேன். அந்தப் புள்ளதான் அடங்கிப் போச்சு."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளை உட்காரச் சொல்லவேண்டும் என்று எனக்கு நினைவு வந்தபோது அவள் தெருவில் இறங்கிவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஏனென்றால் சுகன்யாவின் அம்மா வடுகபட்டியிலிருந்து என்னிடமும் அதைத்தான் கேட்டிருந்தாள். நிச்சயத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் போன் செய்து, "எங்களுக்கு ஒரே பொண்ணு மதினி, பையன் கோவக்காரரா, எப்படி" என்று கேட்டாள். அப்போது எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும் என்று. அது அன்றைக்கு உண்மை என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் முகூர்த்தப் பட்டு எடுக்க மதுரைக்குப் போனோம்.

ஞாபகம் இருக்கிறதா? கடைக்காரர் எடுத்துப் போட்ட அரக்குச் சேலை உனக்குப் பிடித்திருந்தது. சுகன்யா மயில் கழுத்து நிறத்தில் ஒன்றைக் காட்டி அதை விரிக்கச் சொன்னாள். கடைக்காரப் பையன் ஏதோ வேடிக்கையாகச் சொன்னான், அவள் சிரித்தாள். சேலைகளுக்குக் கீழே உன் கை போனதை நான் பார்த்தேன், செல்லமாகக் கையைப் பிடிக்கிறாய் என்று நானும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அரக்குச் சேலையே இருக்கட்டும் என்று அவள் உடனே சொன்னாள். மத்தியானம் ஓட்டலில் கை கழுவப் போன இடத்தில் நானும் அவளும் மட்டும் நின்றோம். மணிக்கட்டில் உன் விரல் அப்படியே பதிந்து சிவந்து கிடந்தது. கண்ணாடியில் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு வளையலை இறக்கி மறைத்தாள். "என்னத்தா இது" என்றேன். "வளையல் மாட்டிக்கிருச்சு அத்தை" என்றாள். வளையல் மாட்டினால் ஐந்து விரலாகவா பதியும்? திரும்பி வரும்போது வேனில் உன்னிடம் கேட்டேன். "சும்மா வெளாட்டும்மா, அவளே ஒண்ணும் சொல்லல, நீ எதுக்குப் பெருசு பண்ற" என்றாய். வேனில் எல்லோரும் இருந்தார்கள், பட்டுப்பை மடியில் இருந்தது. அந்தப் பேச்சு அதோடு நின்றது.

நீ பிரபு இல்லை என்று சொல்வாய். எனக்கும் அப்படிச் சொல்லத்தான் ஆசை. நீ குடிக்க மாட்டாய். அப்பாவுக்கு ஆபரேஷன் என்றதும் ராத்திரியோடு ராத்திரியாக வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரித் தரையில் படுத்தவன். அந்த வார்டில் இருந்த கிழவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாய், இன்னும் உன்னை விசாரிக்கிறார்கள். சின்ன வயதில் குதிரைவாலி சோறு போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய், நான் திட்டிவிடுவேன் என்று பயந்து சாப்பிட்டுவிட்டுப் பிறகு என் முந்தானையிலேயே வாயைத் துடைப்பாய். அதையெல்லாம் நான் மறக்கவில்லை. ஆனால் இத்தனையும் பிரபுவுக்கும் இருந்தது. பேச்சியம்மா மதினி காய்ச்சலில் கிடந்தபோது அவன்தான் தூக்கிக்கொண்டு ஓடினான். அம்மாவிடம் நல்லவனாக இருப்பது சுலபம், அவள் போனை எடுக்காவிட்டால் அவன் கோபப்படுவதில்லை.

உன்னிடம் பேசித் திருத்திவிடலாம் என்று முதலில் நினைத்தேன். அதற்காகத்தான் அன்று போனில் மணிக்கட்டு விஷயத்தை மறுபடியும் எடுத்தேன். நீ கத்தினாய். "அவ உங்கிட்டச் சொன்னாளா, அவளுக்கு இருக்கு" என்றாய். பிறகு வேகமாக வேறு பேச்சுக்குப் போய், வீடியோ எப்போது அனுப்புவாய் என்று கேட்டாய். நீ சொன்னதை நீ கவனித்தாயா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நான் போனை வைத்துவிட்டு உன் அப்பாவிடம் சொன்னேன். வடுகபட்டிக்குப் போய் வருகிறேன் என்றும் சொன்னேன். காலையில் என் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தார், பஸ் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். ஏறியபிறகு ஜன்னல் பக்கம் வந்து, "உள்ளத மட்டும் சொல்லு, கூட்டிச் சொல்லாத, கொறச்சும் சொல்லாத" என்றார்.

அப்படியேதான் சொன்னேன். சுகன்யாவையும் அவள் அம்மாவையும் உட்காரவைத்து, நீ வீடியோவுக்குக் கீழே எழுதியதைச் சொன்னேன், அவர்கள் ஏற்கெனவே படித்திருந்தார்கள். கை விஷயத்தைச் சொன்னேன். நீ ஆஸ்பத்திரியில் தரையில் படுத்ததையும் சொன்னேன். என் மகன் உங்கள் பெண்ணை அடிப்பானா என்று கேட்டால் அடிக்க மாட்டான் என்று என்னால் சத்தியம் பண்ண முடியவில்லை, அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றேன். அவள் அம்மா என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மண்டபம் பேசியாகிவிட்டது, பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, மதினி இப்போது வந்து சொல்கிறீர்களே என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை. சுகன்யா அழுவாள் என்று நினைத்தேன், அவளும் அழவில்லை. ரொம்ப நாளாகக் கையில் வைத்திருந்த எதையோ கீழே வைப்பது போல நிதானமாக மூச்சு விட்டாள். பிறகு கேட்டாள்.

"நான் வேணாம்னு சொல்லிட்டா, என்னைய என்ன செய்வாக அத்தை?"

அய்யா, நான் சத்துணவுக் கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளுடைய கேள்விக்குப் பதில் சொன்னவள். ஒன்றும் செய்ய மாட்டான் என்று வாய்வரை வந்தது, சொல்ல முடியவில்லை. உன்னைக் கல்யாணம் செய்துகொள்வதற்கு அவள் பயப்படவில்லை, செய்துகொள்ளாமல் இருப்பதற்குத்தான் பயப்படுகிறாள். பெற்றவளுக்கு இதைக் கேட்கிற நாள் வரக்கூடாது.

அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் அப்பா உனக்கு முறையாகச் சொல்வார். உனக்கு அவமானமாக இருக்கும், ஆபீஸில் என்ன சொல்வது என்று இருக்கும், என் மேல் கொலைவெறி வரும். எல்லாம் என் மேல் வரட்டும். நீ வண்டி எடுத்துக்கொண்டு கிளம்புவாய் என்றும் எனக்குத் தெரியும். நம் வீட்டுக்கு வந்தால் உன் அப்பா மட்டும்தான் இருப்பார், அவரிடம் கத்தாதே. நான் ஊருக்குத் திரும்பவில்லை. வடுகபட்டியில் சுகன்யா வீட்டில் இருந்துதான் இதை எழுதுகிறேன். எனக்கு ஒரு பாயும் தலையணையும் கொடுத்திருக்கிறார்கள், பூண்டு உரித்துக் கொடுத்துப் பொழுதைப் போக்குகிறேன். அவளிடம் பேச வேண்டும் என்று நீ வந்தால் வாசலில் நான் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு முகம் பாதி மறைந்திருந்தது, உனக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டது. இங்கே நன்றாகத் தெரியும்படிதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா